ஒரே ஒருக்கா

திரையில் ரிஷிகேசன் சுவரைப் பிடித்தபடி தரையில் சரிந்தபோது, யசோதினி பாப்கோர்ன் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவன் உடனே அழவில்லை. முதலில் சிரித்தான். நேரம் தெரியாமல் யாரோ பகிடி விட்டதுபோல ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகுதான் அழுகை உடைந்து வந்தது.

கதவருகே ஒரு தாதி, வெள்ளைத் துணியில் சுற்றிய எதையோ ஏந்திக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு தடவை காட்டுங்க சிஸ்டர். நான் தொட மாட்டேன்."

திரையரங்கு முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். ரிஷிகேசனின் பெயர் திரையில் விழுந்தபோது கதிரைமேல் ஏறி நின்று விசிலடித்த கண்டிப் பெடியன்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

யசோதினிக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்த ரிஷிகேசனை, தன் புருஷனை, கடைக்கண்ணால் பார்த்தாள். அவன் திரையைப் பார்க்கவில்லை. அழுகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தைகளும் தெரியும்.

போன வருடம் ஆகஸ்டில், கண்டிப் பெரஹரா ஊர்வலம் நடந்த நாட்களில், ஏழாம் மாதத்திலேயே, அவர்களுடைய பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. செய்தி கேட்டு ரிஷி சென்னையிலிருந்து ஓடிவந்தான். நகரத்துக்குள் வீதிகளை மூடியிருந்தார்கள். பேராதனை வீதியில் வாடகை வானை விட்டு இறங்கி, சனத்தை இடித்துக்கொண்டு நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான்.

கட்டிலில் கிடந்தபடி, திறந்திருந்த கதவு வழியாக யசோதினி எல்லாவற்றையும் பார்த்தாள்.

சுவரோடு சரிந்தான். சிரித்தான். பிறகு அழுதான்.

"ஒரே ஒருக்காக் காட்டுங்கோ மிஸ். நான் தொட மாட்டன்."

அங்கே நின்ற ஆஸ்பத்திரித் தாதிக்குத் தமிழ் தெரியாது. சிங்கள நாடகங்களில் பக்கம் பக்கமாக வசனம் பேசியவன் அவன். ஆனாலும் அன்றைக்கு அவன் வாயில் தமிழ்தான் வந்தது. துக்கம் வந்தால் தாய்மொழிதான் வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்கு முன் அவள் அவனை நம்பியதில்லை.

பிலிமத்தலாவையில் லீசிங் கம்பனியில் வேலை பார்த்தபோது அவன் வேறு ஆள். சனி ஞாயிறுகளில் கொழும்புக்குப் போய்த் தமிழ் நாடகத்தில் தம்பி வேஷம் போட்டான். பிறகு சிங்கள நாடகத்தில் நல்ல பொலிஸ்காரன். குண்டசாலை பஸ்ஸில் ஏறினால் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு சென்னைப் படம்.

சென்னைப் படம் கிடைத்ததும் வீட்டில் அவன் கைத்தொலைபேசி குப்புறக் கிடக்கத் தொடங்கியது. கதாநாயகியின் குரல் செய்திகளைக் குளியலறைக்குள் இருந்து கேட்டான். யசோதினி கேட்டால், "தொழில் எண்டா அப்பிடித்தான்" என்பான்.

பிள்ளை பிறந்த கையோடு யாழ்ப்பாணத்துக்கு, அம்மாவிடம் போய்விடுவதென்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

கதவருகே அவன் அழுத அழுகையைப் பார்த்த பிறகுதான் அந்த முடிவைக் கைவிட்டாள். இப்படி அழுகிறவன் பொய்யனாக இருக்க மாட்டான் என்று தோன்றியது. முப்பத்தொரு நாள் துடக்கு முடிவதற்குள் அவன் மறுபடி படப்பிடிப்புக்குக் கிளம்பியபோதும் அவளே பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள்.

இப்போது புரிந்தது. ஆஸ்பத்திரிக் கதவருகே அழுததை அப்படியே கொண்டுபோய்ப் படத்துக்கு விற்றிருக்கிறான்.

யசோதினிக்கு நெஞ்சு கொதித்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள்.

முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருத்தி விம்மிக்கொண்டிருந்தாள். பெயர்கூட வைக்காத பிள்ளை அது. அதற்காக அழ அவளையும் அவனையும் தவிர யாரும் இருக்கவில்லை. இப்போது ஒரு மண்டபமே அழுகிறது. கடலுக்கு அந்தப் பக்கத்திலும் அழுதிருப்பார்கள்.

விற்றால்தான் என்ன, அழுதது உண்மைதானே. மறந்துபோகாமல் வைத்திருந்தபடியால்தானே நடிக்க முடிந்தது.

அவள் இருட்டில் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படம் முடிந்ததும் வாசலில் சனம் அவனை மொய்த்துக்கொண்டது. தலைக்கு மேலே கைத்தொலைபேசிகள். சென்னையிலிருந்து வந்திருந்த இயக்குநர் ஓரமாக நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யசோதினி அவரிடம் போனாள். தன் பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று அறிய வேண்டும்போல இருந்தது.

"அந்த ஆஸ்பத்திரிக் கட்டம், 'நான் தொட மாட்டேன்' எண்டு சொல்லுறது... அது இவர் உங்களுக்குச் சொல்லித் தந்ததோ?"

"இல்லம்மா, நான் எழுதுனது," என்று இயக்குநர் பெருமையாகச் சிரித்தார். "ஆடிஷனுக்கு வந்த எல்லாருக்கும் அந்த சீனைத்தான் குடுத்தேன். போன வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட உங்க வீட்டுக்காரர் வந்து நின்னார். இதே சிரிப்பு, இதே அழுகை. ஒரு எழுத்து மாறல. டிவி நாடகத்துல நடிச்ச ஆளான்னு அசந்துட்டேன்."

போன வருடப் பொங்கலுக்கு அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கவேயில்லை.

சனத்தை விலக்கிக்கொண்டு ரிஷிகேசன் அவளிடம் வந்தான். சட்டை கசங்கியிருந்தது. கண்கள் ஈரமாக இருந்தன. அவள் அந்த ஈரத்தையே பார்த்தாள்.

"எப்பிடி இருந்தது?" குனிந்து அவள் காதருகே கேட்டான். "அழுதனீரோ?"

"ஓம்," என்றாள் யசோதினி. "தாங்கேலாமல் போச்சு."

அவன் நம்பிவிட்டான்.