சோபாவும் அவரும்

ஷோரூம் வாசலில், காலை வெயிலில் இரண்டு புது பிக்கப் வண்டிகள் பளபளவென்று நிற்கின்றன. சின்ன வண்டியின் பின்தட்டில், செருப்பைக் கழற்றிவிட்டு, சோபா செய்கிறவர் மல்லாந்து படுத்திருக்கிறார். வண்டி வாங்க வந்த அவரும் மனைவியும் அளவு நாடாவை வீட்டில் மறந்துவிட்டார்கள்; நல்லவேளை, அவர்கள் செய்யும் பெரிய சோபாவும் அவரும் ஒரே நீளம். பக்கத்து நடுத்தர வண்டியில் தாராளமாகவே படுத்துப் பார்த்தாயிற்று. சோபாவுக்கு உறை தைக்கும் மனைவிக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அவருக்கோ சின்னது, தினமும் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கப்போகிறவர் அவர்தானே. "பாரு, கச்சிதமா இருக்கு!" என்கிறார் வானத்தைப் பார்த்து. அவள் எட்டிப் பார்க்கிறாள். "ஏங்க, நம்ம சோபா முட்டிய மடக்குமா?" விற்பனையாளர் சிரிப்பை இருமலாக்குகிறார். படுத்திருப்பவர் அசடு வழியக் காலை நீட்ட, பாதம் பின்கதவில் இடிக்கிறது. "கதவை இறக்கிக்கலாம் மேடம்." விற்பனையாளர் கொக்கியை விடுவிக்க, கதவு டமாரென்று கீழே தொங்குகிறது. இரண்டு பாதங்களும் ஒரு சாண் வெளியே வந்து, வெயிலில் கெஞ்சுவதுபோல் விரல்களை ஆட்டுகின்றன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு கைப்பையைத் துழாவி, சிவப்பு வெல்வெட் துண்டு ஒன்றை எடுத்து, அவர் கட்டைவிரலில் முடிச்சுப் போடுகிறாள். "சரக்கு வெளிய நீட்டினா இதைக் கட்டணும். மறந்துடாதீங்க."