இரண்டாவது கித்தார்

முதல் கித்தாரைப் பதிவு செய்து முடித்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த சவுண்ட் இன்ஜினியர் சொன்னான். "அண்ணே, நாலு வரிக்கு ஒருக்கா நின்னு நின்னு வர்றீங்க. தாளம் காதுல கேக்குதில்ல?"

எபனேசருக்குக் கேட்கத்தான் செய்தது. பாளையங்கோட்டைக் கல்யாண வீடுகளில் அவரும் தம்பி ஜெயசிங்கும் மைக் இல்லாமல் இரண்டு கித்தாரோடு உட்கார்ந்த காலத்தில், நாலு வரி முடிந்ததும் தம்பி நிமிர்ந்து பார்ப்பான். அண்ணன் தலையசைத்த பிறகே அவன் கித்தார் பேசும். அந்தத் தலையசைப்புக்கான இடம் இன்னும் விரலில் இருந்தது. பதினோரு வருடம் முன்பு ஸ்டுடியோ இருவரில் ஒருவரைத்தான் கூப்பிட்டது. தம்பியை விட்டுவிட்டு அவர் வந்துவிட்டார்.

"பரவால்ல, அத வெட்டிடுறேன். ரெண்டாவது கித்தாரையும் நீங்களே வாசிச்சிடுங்க. கேக்கறவனுக்கு ரெண்டு பேர்னு தோணும்."

எபனேசர் முதுகை நிமிர்த்தினார். "தம்பி பங்க அண்ணன் எடுக்குற வழக்கம் எங்க வீட்ல கெடையாது."

சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவருக்கே உறைத்தது.

அன்றிலிருந்து அழைக்காத தம்பியின் எண்ணை அழைத்தார்.

"யாரு?"

"அண்ணந்தாம்ல பேசுதேன்."

"ஸ்டுடியோக்காரரா? நம்பர் தொலையலியோ?"

"ஏச்செல்லாம் பொறவு ஏசு. ஒரு பாட்டுக்கு ரெண்டு கித்தார் வேணும். வாறியா?"

அந்தப் பக்கம், வெகுகாலம் தளர்ந்து கிடந்த கித்தார்க் கம்பி ஒன்று மெல்ல மெல்ல முறுகி ஏறும் சத்தம் போனில் கேட்டது.