ஆறில் ஒன்று

“ஆறு பத்துக்குச் சுட்டீங்க. இப்ப ஏழாகப் போவுது. கூப்பிடு தூரம் நடந்து வர இவ்வளவு நேரமாடா?”

ஆயுதக் கிடங்கின் மேசைக்குப் பின்னால் நின்றபடி சார்ஜென்ட் ஸ்டெர்கியோஸ் கேட்டார். வாசலுக்கு வெளியே சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். மரண தண்டனையை நிறைவேற்றவென்றே பக்கத்து முகாமிலிருந்து லாரியில் வந்தவர்கள். சாகிறவனைத் தெரிந்த யாரும் சுடக் கூடாது என்பது வழக்கம்.

“ஒருத்தன் வாந்தி எடுத்துட்டான், சார்ஜென்ட்,” என்று உள்ளே வந்தான் வாங்கெலிஸ். “யாருன்னு கேக்காதீங்க. நான்தான்.”

ஸ்டெர்கியோஸ் அவன் துப்பாக்கிக்குக் கை நீட்டினார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆறு துப்பாக்கிகளில் ஒன்றில் மட்டும் வெற்றுத் தோட்டா. சத்தம் வரும், குண்டு வராது. எந்தத் துப்பாக்கி என்று சுடுகிறவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சுட்ட பிறகு அவர்கள் அதைத் திறந்து பார்க்கவும் கூடாது. மூடியபடியே கொண்டுவந்து தர வேண்டும். நேற்று மாலை தோட்டா போட்டவர் ஸ்டெர்கியோஸ். இன்று திறக்கிறவரும் அவரே.

முதுகைத் திருப்பிக்கொண்டு வாங்கெலிஸின் துப்பாக்கியைத் திறந்தார். தோட்டாவின் காலி உறை தகர டப்பாவில் விழுந்தது.

“சும்மா தெரிஞ்சுக்கத்தான்...” வாங்கெலிஸ் குரலைத் தாழ்த்தினான். “என்னுது?”

“வெத்து. வெளியில உளறாதே.”

“நெசமாவா?” அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. “இங்க காப்பி எங்க கிடைக்கும், சார்ஜென்ட்? வயிறு காலியா இருக்கு.”

அடுத்த நால்வரும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் கேட்டுவிட்டு அழுதான். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான். ஒருவன் பதிலை இரண்டாம் முறை சொல்லச் சொன்னான். ஒருவன் வாயைத் திறக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே நின்றான். நால்வருக்கும் அவர் அதே பதிலைத் தாழ்ந்த குரலில் சொன்னார். உறைகள் ஒரே மாதிரிச் சத்தத்துடன் டப்பாவில் விழுந்தன.

உள்ளே, சுவரோரப் பலகையில் ஒருவன் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தான். முறை வரும்வரை இருக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். அவர் துப்பாக்கிகளைத்தான் எண்ணுவார். ஆட்களை எண்ணுவதில்லை.

ஆறாவது துப்பாக்கியோடு லாம்ப்ரோஸ் வந்தான்.

“என்னுது வெத்து இல்ல, சார்ஜென்ட்.”

“யார் சொன்னா?”

“தோள் சொல்லுது. உதைச்சுது. வெத்துன்னா உதைக்காதுல்ல?”

“பிடிக்கத் தெரியாமப் பிடிச்சா எதுவும் உதைக்கும்.” உறை டப்பாவில் விழுந்தது. “உன்னுதுதான் வெத்து. போ.”

அவன் போகவில்லை.

“ஞாயித்துக்கிழமை என் அக்கா புள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். புள்ளை உடம்பு பூரா எண்ணெய் தடவணும், இந்தக் கையால. முடியாதுன்னா இன்னிக்கே தந்தி அடிக்கணும். அதுக்குத்தான் கேக்குறேன்.”

“தடவு. நல்லாத் தடவு.”

“இன்னிக்கு நாங்க சுட்டோமே, அவனைக் கோர்ட்டுல கேட்டாங்களாம். வீட்டுக்குள்ள புள்ளைங்க இருக்கு, உத்தரவு வந்தாலும் சுட மாட்டேன்னியே, எந்தச் சட்டத்துலடா அப்படி எழுதியிருக்குன்னு. ‘எழுதல, எனக்கே தெரிஞ்சுது’ன்னானாம்.”

“அதெல்லாம் நமக்கெதுக்கு? உனக்கு உத்தரவு வந்துது, சுட்டே. எனக்கு உத்தரவு வந்துது, தோட்டா போட்டேன். அதோட சரி.”

“எனக்கும் தெரிஞ்சுது, சார்ஜென்ட். விசையில விரல் வச்சப்பவே.” லாம்ப்ரோஸ் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். “சுவர்கிட்ட நின்னுக்கிட்டு எங்க பேரைக் கேட்டான். ஒவ்வொருத்தனாப் பார்த்து, விருந்துக்குக் கூப்பிடப் போறவன் மாதிரி. யாரும் சொல்லல.”

அந்தச் சுவரைப் பார்த்த ஜன்னலை ஸ்டெர்கியோஸ் நேற்றே சாத்தியிருந்தார். சாகிறவனின் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“சத்தியம் பண்ணுங்க.”

மேலே புனித நிக்கோலஸின் படம் தொங்கியது. அதைப் பார்க்காமல் ஸ்டெர்கியோஸ் கையை உயர்த்தினார்.

“என் மக மேல சத்தியம். உன்னுதுதான் வெத்து.”

லாம்ப்ரோஸ் நீண்ட மூச்சு விட்டான். வெளியே போகும்போது அவன் நடை மாறியிருந்தது. முற்றத்தில் யாரோ அவனைக் கிண்டல் செய்தார்கள். அவன் சிரித்த சத்தம் கேட்டது. லாரி கிளம்பியது.

ஸ்டெர்கியோஸ் டப்பாவை மூடினார்.

பலகையில் இருந்தவன் எழுந்து வந்தான். இடுப்பில் பெல்ட் இல்லை. பூட்ஸில் கயிறு இல்லை. நடக்கும்போது அவை தரையில் தளர்ந்து இழுபட்டன.

“லாரியை விட்டுட்டியேடா! உன் துப்பாக்கி எங்க?”

“எனக்குத் துப்பாக்கி கிடையாது, சார்ஜென்ட்.” குரல் மரியாதையாக இருந்தது.

“பின்ன எதுக்கு இவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?”

“திருப்பிக் கொடுக்கத்தான். எல்லாரும் இங்கதானே கொடுக்குறாங்க?”

அவன் சட்டைக்குள் கைவிட்டான். எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தான். நசுங்கிய குண்டுகள். இன்னும் ஈரமாக இருந்தன. ஆறு.

“பேர் கேட்டேன், சொல்லல. ஆறுலயும் குண்டு போட்டுட்டு, நீங்களும் ஆறு பேருக்கும் வெத்துன்னு சொல்லிட்டீங்க. இதையெல்லாம் நான் யார்கிட்ட கொடுக்கட்டும், சார்ஜென்ட்?”