எதிர்வீட்டு வஞ்சிரம்

2021 மே 18, செவ்வாய்க்கிழமை, குரோம்பேட்டை. எதிர்வீட்டிலிருந்து மீன் வறுபடும் வாசனை எதுவும் மோகன்ராஜின் மூக்குக்கு எட்டவில்லை.

சத்தம் நன்றாகக் கேட்டது. எண்ணெய் சடசடவென்று பொரிந்தது. வழக்கமாக மீன் சட்டியில் விழுவதற்கு முன்பே மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டுகிறவர் அவர். சைவ வீடு.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றாள் கிளியம்மாள். கையில் கரண்டியோடு தன் வாசலில் நின்றாள். "வஞ்சிரம் வறுக்கிறேன். நாத்தம் தாங்கலன்னா சொல்லுங்க, ஜன்னல சாத்திக்கிறேன்."

மோகன்ராஜ் முகக்கவசத்தை இறக்கி மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"நேத்து கூட சங்கரா வறுத்தேன். நீங்க வந்து சத்தம் போடவே இல்ல. அதான் கேட்டேன். உடம்பு நல்லாத்தானே கீது சார்?"

அவர் கதவைச் சாத்தினார்.

உள்ளே அவர் மனைவி தீபா காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து நீட்டினாள். பிறகு கற்பூரம். பிறகு பெருங்காயம்.

"வருதா?"

"வர்ற மாதிரி இருக்கு. நெஜமா வருதா, ஞாபகத்துல வருதான்னு தெரியல."

"ஆக்சிஜன் எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூத்தெட்டு."

"அப்புறம் என்னங்க?"

"வேற விரல்ல வச்சுப் பார்த்தேன். தொண்ணூத்தேழு."

தீபா டப்பாக்களை மூடினாள். "எனக்கும்தான் மீன் வாசனை வரல. அதுக்கு என்ன இப்போ?"

மோகன்ராஜ் சுவர் வரை பின்னால் போனார். "அப்போ உனக்கும் வந்துடுச்சு."

தடுப்பூசி போட்டால் என்ன ஆகுமோ என்று ஏப்ரலில் பயந்தவர் அவர். போடாவிட்டால் என்ன ஆகுமோ என்று மே மாதத்தில் பயந்தார். அதற்குள் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பல நாள் அலைந்து, மறுநாள் காலை பள்ளிக்கூட முகாமுக்கு இரண்டு டோக்கன் வாங்கி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

"பேசாம நாளைக்குப் போய்ப் போட்டுக்கலாம்," என்றாள் தீபா.

"நோய உள்ள வச்சுக்கிட்டு ஊசி போட்டா என்ன ஆகும்? யாராவது சொல்லியிருக்காங்களா?"

அவர் நகராட்சிக்குப் போன் செய்தார். முந்தைய ஆண்டு ஜூனில் செய்த அதே எண்.

அப்போது கிளியம்மாள் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடி ஏறி இருமினாள். எதிர்வீட்டில் கொரோனா என்று மோகன்ராஜ் புகார் சொன்னார். மாலைக்குள் அவள் வாசலை மறைத்துத் தகரம் அடித்தார்கள். மறுநாள் காசிமேட்டில் அவள் அப்பா இறந்தார். மிளகாய் நெடி என்று அவள் தகரத்துக்குப் பின்னாலிருந்து கத்தியதை யாரும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தை, விசைப்படகில் மீன்பிடிக்கப் போகும் தம்பி லோகுவின் போனில்தான் கடைசியாகப் பார்த்தாள். நோய் இல்லை என்ற முடிவு அதற்குப் பிறகு வந்தது. மோகன்ராஜ் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை.

மதியம் நகராட்சியிலிருந்து ஷர்மிளா வந்தாள். வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்கும் பெண். அவளோடு வந்த ஊழியர், கணவன் மனைவி இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார். ஷர்மிளா டோக்கன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று அச்சடித்த தாளை ஒட்டினாள்.

கிளியம்மாள் தன் வாசலில் நின்று, தாளின் நான்கு மூலையும் ஒட்டும் வரை பார்த்தாள்.

"அந்த மேல் மூல பிரிஞ்சிகினு கீது பாரு," என்றாள். "நல்லா அழுத்து."

ஷர்மிளா அழுத்தினாள். "உங்க தம்பி எப்படிக்கா கீறாரு? வருமானம் வருதா?"

"எங்க வருது? ஒரு மாசமா வூட்லதான் கீறான். போன வாரம் நான்தான் அரிசி வாங்கி அனுப்பினேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து மோகன்ராஜின் குரல் கேட்டது. "ஏம்மா, அடுத்த முகாம்ல எங்களுக்கு முதல்ல டோக்கன் குடுத்துடுவீங்கல்ல?"

"ரிசல்ட் வரட்டும் சார். அப்புறம் ஸ்டாக் வரணும்."

"ஸ்டாக் எப்போ வரும்?"

"தெரியாது சார்."

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. "உங்க ஆக்சிமீட்டர்தான், எடுத்துக்குங்க," என்றாள் தீபா.

"பாவம்க்கா," என்று ஷர்மிளா மெதுவாகச் சொன்னாள். "பயந்து போயிருக்காரு."

"பயப்படட்டும்," என்றாள் கிளியம்மாள்.

பால் வண்டி ஓட்டிவிட்டு அவள் புருஷன் குப்புராஜ் படியேறி வந்தபோது, எதிர்க் கதவில் இருந்த தாளைப் படித்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைகால் கழுவி உட்கார்ந்தான்.

"கீழ ஷர்மிளாவப் பார்த்தேன். நீ வஞ்சிரம் வறுத்தும் அந்தாளுக்கு வாசன தெரியலியாமே."

"ஆமா."

"போன வருஷம் நம்மள இன்னா பேஜார் பண்ணான். இப்போ அவனுக்கே வந்துடுச்சு. சரி, எடுத்து வை. எத்தினி துண்டு கீது?"

கிளியம்மாள் அவன் தட்டில் சோறு போட்டு ரசத்தை ஊற்றினாள்.

"மீன்புடி தடைக்காலத்துல போட்டுங்க எல்லாம் கரையில நிக்குது, வஞ்சிரம் ஏதுய்யா? காஞ்ச எண்ணெயில தண்ணிதான் தெளிச்சேன்."