பச்சைக் கூண்டு

ஒரே இடத்தில் நிற்பதுதான் மரத்துக்கு இலக்கணம் என்பார்கள். தெருமுனைப் புங்கமரத்துக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கன்றாக இருந்தபோது போட்ட இரும்புக் கூண்டு இப்போது அடிமரத்தை நெரித்தது.

"கொஞ்சம் விலகேன், பட்டையை அறுக்குது."

"ஆடு கடிக்காம உன்னை ஆளாக்கினதே நான்தான்" என்றது கூண்டு.

"இந்தத் தெருவில ஆட்டைப் பார்த்தே பத்து வருஷமாச்சு."

"கழற்ற ஆள் வரணும்ல? மரம் நடு விழாவுக்கு வருவாங்க, பொறு."

வந்தார்கள். கூண்டை அறுக்க ரம்பம் தெரிகிறதா என்று மரம் ஒவ்வொரு கையாகப் பார்த்தது. பெயிண்ட் டப்பாதான் தெரிந்தது. கூண்டுக்குப் பச்சை அடித்தார்கள். பக்கத்தில் ஒரு கன்றை நட்டு, அதற்கும் கூண்டு மாட்டி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே அண்ணே. மறுபடி வருவாங்களா?" என்றது கன்று.

"வருஷா வருஷம் வருவாங்க தம்பி. நீ மட்டும் பெருத்துடாதே."