அரிசிக்குள் கணினி

வெள்ளம் வடிந்ததும் அஞ்சுகம் மகளின் கணினியை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தாள். நனைந்த செல்போனை அப்படித்தானே காய வைக்கிறார்கள். ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகும்போதும் மூட்டையோடே ஆட்டோவில் ஏற்றினாள். அதைவிட நல்ல மெத்தை ஏது. செத்துப்போன மகள் வினோதா சிரிக்கிற சத்தம் இனி அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடைக்கும், "மெதுவாப் போப்பா, உள்ள உடைஞ்சிரும்" என்றாள். மூட்டையைக் காலிடுக்கில் பிடித்திருந்த கணவர் மெய்யழகன், "ஊறிப்போனதுல இனி உடையறதுக்கு என்ன இருக்கு" என்று எரிந்து விழுந்தார்.

கடைக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து அரிசி கொட்டியது. துருவேறிய ஹார்டு டிஸ்கைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் எடுக்க முடியாதும்மா. இங்கயே போட்டுட்டுப் போங்க."

அஞ்சுகம் பெட்டியை மூடி மறுபடி மூட்டைக்குள் இறக்கினாள். மேசையில் சிதறிய அரிசியை ஒரு மணிகூட விடாமல் கூட்டி அதன்மேல் போட்டாள்.

திரும்பும் வழியில் முதல் வேகத்தடை வந்தது. அவள் வாய் திறக்கவில்லை. மெய்யழகன் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"தம்பி, மெதுவா" என்றார்.