அரை விரல்

“அண்ணே, மூச்சு வாங்குற குறி இன்னிக்கும் ஸ்வரத்து மேல ஏறி உக்காந்திருக்கு,” என்றாள் பக்கத்து வீட்டு மாதவி, தாளைப் பார்த்து.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கும் கமலநாதனுக்குக் கண் தெரியாது. பாடகர் குழுக்களுக்கு இசைத்தாள் தயாரித்துக் கொடுக்கிறார். ஸ்வரங்களையும் குறிகளையும் அவர் எழுத்தாக டைப் செய்வதைக் கணினி வாய்விட்டு வாசிக்கும். தாளில் குறி எங்கே விழுந்தது என்று மட்டும் சொல்லாது.

“எவ்வளவு தூக்கணும்மா?”

“அரை விரல்.”

குறியின் உயரத்துக்கான எண்ணை மாற்றி மறுபடி பிரிண்ட் எடுத்தார்.

“இப்ப ஓகே. மூணு மாசமா தினமும் இதே தப்பு. வேற சாஃப்ட்வேர் மாத்துங்க லா!”

“இதுதான் பழகிடுச்சு. உக்காரும்மா, மைலோ கலக்குறேன்.”

“ஐயோ, பஸ் போயிடும்ணே. நாளைக்கு வரேன்.”

அவள் செருப்புச் சத்தம் லிஃப்ட் வரை போய் நின்றது. எடுத்து வைத்திருந்த இரண்டாவது கோப்பையை அலமாரியில் திருப்பி வைத்தார்.

பிறகு நாளைய பாட்டைத் திறந்தார். எல்லாக் குறிகளையும் மென்பொருள் தானாகவே சரியான இடத்தில் வைத்திருக்கும். இத்தனை வருஷத்தில் அது ஒருநாளும் தவறியதில்லை.

ஒரு குறியை மட்டும் அரை விரல் கீழே இறக்கச் சொல்லி, கமலநாதன் கவனமாக ஒரு வரி சேர்த்தார்.